அங்கே உச்சிப்பொழுது எத்தனை மணிக்கு

2007 ஓகஸ்ட் 9, வியாழன்

விடியற்காலையிலிருந்து தூறல். நூலகப் புத்தகத்துக்கு இன்று கடைசி நாள். போகவில்லை.

"ரீச்சர், நடுப்பகல் எண்டால் பன்ரண்டு மணிதானே? பிறகேன் நிழல் இன்னும் குறுகுது?"

வெகு வருடங்களுக்கு முன், யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது. பள்ளிக்கூட முற்றத்தில் தடி நட்டு, நிழலின் நுனியில் கூழாங்கல் வைத்து அளந்துகொண்டிருந்தோம். பன்னிரண்டு மணி அடித்தாயிற்று. நிழல் குறுகுவதை நிறுத்தவில்லை. "மணி அடிக்கிறது எங்கடை பியோன். அவர் அடிக்கிறது சூரியனுக்குக் கேக்காது" என்றேன். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. கேட்ட பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. குந்தியிருந்து நிழலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்தப் பிள்ளைதான் அடுத்த வீட்டு மலர். ஜேர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு, கணவன் குணசீலனோடு, எங்களுக்குக் குணம், இங்கே லண்டனில் ரெய்னர்ஸ் லேனுக்கு வந்தவள். பிள்ளைகள் இல்லை. வேலி ஒன்றுதான் இடையில்.

இன்று காலை பின்கதவால் வந்தாள். காலில் செருப்பில்லை. புல்லெல்லாம் ஈரம்.

"ரீச்சர், ஒருக்கா வாங்கோ. அலாஸ்காவிலையிருந்து ஒரு பொம்பிளை கதைக்குது. அவவின்ரை இங்கிலீசு பாதிதான் விளங்குது. விளங்கின பாதியை நான் நம்பேல்லை."

போனேன். ரிசீவர் மேசையில் மல்லாந்து கிடந்தது. கரொல் என்று பெயர். மீன்பிடிக்கப் போன குணம் தங்கியிருக்கும் லொட்ஜை நடத்துபவர். நிதானமான குரல். இரண்டு தடவை சொல்லச் சொன்னேன்.

— குணம் ஏறிய சின்ன விமானம் போகவேண்டிய ஏரிக்குப் போய்ச் சேரவில்லை.
— உள்ளே விமானியும் குணமும் மட்டும்.
— கடல்முகில் இறங்கிவிட்டது. வெளிச்சம் வரத் தேடுவார்கள்.

அங்கே இன்னும் புதன்கிழமை. இங்கே வியாழன் காலை. மலருக்கு அதை விளங்கப்படுத்தப் போய், பாதியில் விட்டேன். இந்த நேரத்தில் எதற்கு.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "காணேல்லை எண்டுதானே சொன்னவ? வேறை ஒண்டும் சொல்லேல்லைத்தானே?"

"காணேல்லை எண்டுதான்."

"அப்ப சரி" என்று சொல்லி அடுப்பை மூட்டினாள்.

ஓகஸ்ட் 10, வெள்ளி

மழை விட்டுவிட்டு. முழங்கால் உளைவு. மாத்திரை முடிகிறது.

அவர்கள் என்ன பயணம் போனார்கள் என்று எனக்கே தெளிவாக எழுதிப் பார்க்கிறேன். கடலோரத்தில் ஒரு சிற்றூர். அதற்கு அப்பால் தெரு கிடையாது. சில்லுக்குப் பதிலாக மிதவை பூட்டிய விமானம். தண்ணீரில் ஓடி எழும்பும், தண்ணீரில் இறங்கும். மலை கடந்து ஒரு ஏரி. அங்கிருந்து வழிகாட்டி ஆற்றங்கரைக்கு நடத்திக்கொண்டு போவார். கரடிகள் ஆற்றுக்குள் நின்று சமன் மீன் பிடிக்கும். தள்ளி நின்று பார்க்கலாம், வேறொரு வளைவில் தூண்டில் போடலாம். பொழுது சாயும் முன் திரும்ப விமானம். விமானம் சின்னது என்பதால் ஆட்களை இரண்டு தடவையாக ஏற்றுவார்கள். பள்ளிச் சுற்றுலாவுக்கு ஒரே வான் வண்டியில் பிள்ளைகளை இரண்டு நடையாக ஏற்றி இறக்குவது போல.

குணத்துக்கு மீன்தான் உலகம். கிழமையில் ஆறு நாள் கடையில் மீன் விற்பது, ஏழாம் நாள் பிடிக்கப் போவது. ஜேர்மனியில் மீன்பிடிக்கச் சோதனை எழுத வேண்டுமாம்; எழுதிப் பாஸ் பண்ணியவர். "லண்டனிலை சோதினை பாஸ் பண்ணின மீன்காரன் நான் ஒராள்தான் ரீச்சர்" என்பார். ஐம்பது வயது முடிகிறதென்று, ஜேர்மனிய நண்பர் டீற்றரோடு இந்தப் பயணம்.

புதன்கிழமை அங்கே காலை, இங்கே பின்னேரம், குணம் போன் எடுத்துக் கதைத்ததை மலர் சொன்னாள். ஏறுமுன் ஆட்களைப் பெட்டியோடு சேர்த்துத் தராசில் நிறுத்தார்களாம். "கடையிலை நான் சுறா நிறுக்கிற மாதிரி என்னை நிறுத்தவை மலர், செதில் மட்டும் சீவேல்லை" என்றாராம். இவள் கட்டிக் கொடுத்த கருவாட்டை வழிகாட்டி வாங்கி இரும்புப் பெட்டிக்குள் பூட்டிவிட்டாராம், கரடிக்கு மணக்கும் என்று. சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். 

அப்போதுதான் அடுத்ததைச் சொன்னாள்.

"அவையின்ரை ஒழுங்கிலை இவர் முதல் நடை, ரீச்சர். டீற்றரோடை. பன்ரண்டு மணிக்கு. நான் கலண்டரைப் பாத்தன். புதன்கிழமை பன்ரண்டிலையிருந்து ஒண்டரை இராகுகாலம். புதுசா ஒரு விமானத்திலை, காட்டுக்கு, இராகுகாலத்திலையோ? அடுத்த நடையிலை போங்கோ எண்டன். சண்டை பிடிச்சவர். பிறகு ஓமெண்டார். ஒரு அமெரிக்கக் கிழவனோடை இடம் மாத்தினவர்."

அந்தக் கிழவர் டீற்றரோடு ஏரியில் போய் இறங்கி, ஆற்றங்கரையில் நின்று, முகில் சற்று விலகிய நேரம் பார்த்து வேறு விமானத்தில் திரும்பி, சுகமாக இருக்கிறார்.

"ரெண்டு மணிக்குத்தான் இவர் ஏறினவர்" என்றாள். "இராகுகாலம் கழிஞ்சு. அதாலைதான் எனக்குப் பயமில்லை. நல்ல நேரத்திலை வெளிக்கிட்டவர். எங்கையோ ஒரு கரையிலை இறக்கிப்போட்டு இருக்கினம்."

ஓகஸ்ட் 11, சனி

வெளுப்பான வானம். குளிர். ஓகஸ்டா இது.

மலர் வீட்டில் ஆட்கள். செய்தி கடையால் பரவிவிட்டது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு சட்டி. செத்தவீட்டுக்குத்தான் நாங்கள் அப்படிச் சமைத்துக் கொண்டு போவது; அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பதால். கொண்டு வந்தவர்களுக்கு அது நினைவில் வரவில்லை. மலருக்கு வந்தது. வாசலிலேயே மறித்தாள்.

"இது என்னத்துக்கு? இஞ்சை என்ன நடந்தது? என்ரை அடுப்பு எரியுது, வந்து பாருங்கோ."

உண்மையிலேயே எரிந்தது. விளைமீன் குழம்பு. இருபது பேருக்குச் சமைத்து, வந்தவர்களை இருத்திச் சாப்பிட வைத்தாள். யாரும் மறுத்து எழும்பவில்லை. திருமதி க. சாப்பிட்டுக்கொண்டே அழுதார். "உறைப்போ அக்கா?" என்று மலர் கேட்டாள்.

கரொல் போன் எடுத்தார். முகில் இப்போது முழுக்க விலகியிருக்கிறது. தேடும் விமானங்கள் மூன்று. ஒன்றும் தெரியவில்லை.

முகில் என்றால் என்ன முகில் என்று மலர் கேட்டாள். குளிர்ந்த யன்னல் கண்ணாடிக்கு முன் கேத்தலைக் கொதிக்க வைத்துக் காட்டினேன். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர் மலையில் முட்டினால் இப்படித்தான், ஒரு மூச்சில் எல்லாம் மூடிவிடும். கண்ணாடியில் விரலால் ஒரு கோடு கீறி, அதற்குள்ளால் தன் தோட்டத்தைப் பார்த்தாள்.

"அந்தக் கோட்டுக்குள்ளாலை பைலட் விமானத்தை விட்டிருப்பான். தெரிஞ்சவன்தானே."

ஓகஸ்ட் 12, ஞாயிறு

தூறல். வாங்க: மாத்திரை, பால், பல்பு.

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு தேநீர் குடித்தாயிற்று. எழுதுகிறேன். இதை வேறு எங்கே வைப்பது.

பழைய தேசப்படப் புத்தகத்தை எடுத்தேன். அந்த ஊரின் நெடுங்கோட்டைப் பார்த்தேன். அந்த ஊர் மேற்கே வெகுதூரத்தில் கிடக்கிறது. மணிக்கூட்டைக் கிழக்கே உள்ளவர்களோடு ஒட்டி வைத்திருக்கிறார்கள், கோடையில் அதற்கு மேலும் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி. அதனால் மணிக்கூடு பன்னிரண்டு காட்டும்போது அங்கே சூரியன் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். உச்சிக்கு வர இரண்டு மணியாகும்.

கலண்டர் போடுகிற இராகுகாலம், சூரியன் ஆறுக்கு உதித்து ஆறுக்கு மறைகிற ஊருக்கு. பகலை எட்டுப் பங்காக்கினால் புதன்கிழமைக்கு ஐந்தாம் பங்கு. ஐந்தாம் பங்கு எந்த ஊரிலும் உச்சிப்பொழுதிலேதான் தொடங்கும். தோடம்பழத்தை எட்டாகப் பிளந்து நாலைத் தின்றால் மிச்சம் பாதி, அவ்வளவுதான் கணக்கு.

ஆக, குணம் போக இருந்த பன்னிரண்டு மணிக்கு அங்கே இராகுகாலம் இல்லை. மலர் சொல்லி அவர் ஏறிய இரண்டு மணிக்குத்தான் தொடங்குகிறது.

திரும்பவும் கணக்குப் பார்த்தேன். அதே விடை.

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. என் கலியாணம் நல்ல நேரத்தில்தான் நடந்தது. அவர் நாற்பத்தொரு வயதில் போய்விட்டார். ஆனால் மலர் இதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள். நல்ல நேரத்தில் போனவர் வருவார் என்று.

சொல்லப் போவதில்லை. புத்தகத்தை அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். பிறகு, அங்கே இருந்தால் மலரின் கண்ணில் படும் என்று நினைத்து, கீழே எடுத்துக் கட்டிலுக்கு அடியில்.

ஓகஸ்ட் 14, செவ்வாய்

காற்று. தக்காளிச் செடி ஒன்று முறிந்தது.

பின்னேரம் கரொல். இம்முறை மலர் ரிசீவரை எடுக்கவேயில்லை. மணி அடிக்க என்னைப் பார்த்தாள். நான் எடுத்தேன். ஒரு கடல் இடுக்கில் விமானத்தின் மிதவை ஒன்று. குளிர்ப்பெட்டியின் மூடி. வேறு எதுவும் இல்லை. தண்ணீர் ஆழம், பனியாய்க் குளிரும், நான் பொய் நம்பிக்கை தர விரும்பவில்லை என்றார். அந்தப் பெண்ணும் அழுதிருக்கிறார், குரலில் தெரிந்தது. விமானி அவருடைய தங்கையின் கணவனாம். இவ்வளவு நாளும் அதைச் சொல்லவில்லை.

மலருக்கு அப்படியே சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"மூடிதானே ரீச்சர். மூடி காத்துக்குப் பறக்கும்."

"மிதவையும் பிள்ளை."

"ஒண்டுதானே. ரெண்டு இருக்கும்."



ஓகஸ்ட் 16, வியாழன்

மழை. தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

குணத்தின் தமையன் இராசநாயகம் லூயிஷாமிலிருந்து வந்தார். பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்து, ரயில் மாறி மாறி, கண் சிவந்து. கோயில் ஐயரைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பையில் ஆள் செய்து கிரியை செய்யலாமாம். ஊரில் இப்போது எத்தனை வீட்டில் அதுதானே நடக்கிறது.

"மலர், அவன்ரை ஆத்துமா அந்தரிக்கக் கூடாதம்மா."

"ஆருக்கு ஆத்துமா, பெரியத்தான்? இருக்கிற மனிசனுக்கோ கிரியை?"

"மிதவை எடுத்திட்டாங்கள்."

"மிதவைக்குச் செய்யுங்கோ."

அவர் கையைத் தலையில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். மலர் அவருக்குச் சோறு போட்டு, மீனில் முள் எடுத்துக் கொடுத்தாள். குணத்துக்கும் அப்படித்தான் எடுத்துக் கொடுப்பாள். மீன்காரனுக்கு முள் எடுத்துக் கொடுக்கும் பெண்சாதி என்று தெருவெல்லாம் பகிடி.

"நீங்களும் யோசிச்சுப் பாருங்கோ" என்றாள் அவரிடம். "நான் நேரம் பாத்து ஏத்தின மனிசன். பன்ரண்டுக்கு ஏறியிருந்தால் நானே உங்களுக்கு முதல் ஐயரைக் கூப்பிட்டிருப்பன்."

அவர் தலையாட்டினார். அவரும் நம்புகிறவர்தான், வீடு குடிபூர, கார் எடுக்க, எல்லாவற்றுக்கும் கலண்டர். 

போகும்போது என் வாசலில் நின்றார். "ரீச்சர், நீங்கள் சொன்னால் கேப்பாள். ஏதும் சொல்லி அவளை ஒத்துக்கொள்ள வையுங்கோ. இப்பிடியே இருந்தாள் எண்டால் பைத்தியம் பிடிச்சிடும்."

சொல்வதற்கு என்னிடம் இருந்தது. ஒரு வசனம் போதும். அடுத்த நிமிடமே கிரியைக்கு ஒத்துக்கொள்வாள். அதற்குப் பிறகு அவள் எப்படி இருப்பாள்?

"பாப்பம்" என்றேன். குடை கொடுத்து அனுப்பினேன்.

ஓகஸ்ட் 18, சனி

கடைசியில் வெயில். கம்பளிகளை யன்னலில் போட்டேன்.

போடும்போது மேலிருந்து கண்டது. மலரின் தோட்டம். தக்காளிக்கு ஊன்றிய மூங்கில் தடி ஒன்றைப் பிடுங்கி, புல் நடுவில் நேராக நட்டிருக்கிறாள். பக்கத்தில் குசினிக் கதிரை. மடியில் குசினி மணிக்கூடு. நிழலின் நுனியில் உடுப்புக் கவ்வி ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து எழும்பி, புது நுனியில் இன்னொன்று.

அவள் என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் படிப்பித்தது. கீழே போகவில்லை. பருப்பு அவித்தேன், அது அடிப்பிடித்தது. திரும்பிப் பார்த்தேன். கவ்விகள் வரிசையாக, தடியை நோக்கி வந்து, பிறகு விலகத் தொடங்கியிருந்தன.

"ரீச்சர்."

வேலிக்கு வந்தாள். நானும் இறங்கிப் போனேன்.

"இஞ்சை ஒரு மணி தாண்டித்தான் உச்சி, ரீச்சர்."

"ஓம். கோடையிலை மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளி வைக்கினம்."

"அப்ப கலண்டரிலை பாக்கிறதெல்லாம்?"

"ஒரு மணித்தியாலம் பிழை."

"லண்டன் முழுக்கவோ?"

"முழுக்க."

சின்னதாகச் சிரித்தாள். "பெரியத்தான் வீடு குடிபூந்தது இராகுகாலத்திலைதான் போலை. சொல்லிப்போடாதேங்கோ, வித்துப்போட்டு ஓடிடுவார்."

சிரிப்பு நின்றது. வேலியைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கை எத்தினை மணிக்கு, ரீச்சர்?"

தெரியாது என்று சொல்லலாம். ஆயிரம் பிள்ளைகளுக்குப் பூமிசாத்திரம் படிப்பித்த வாய். அவள் எட்டாம் வகுப்பில் நிழலைப் பார்த்தது மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பொய் சொன்னால் பிடிப்பாள், பிடித்துவிட்டு அதையும் தனியாகச் சுமப்பாள் என்று தோன்றியது.

"ரெண்டுக்கு."

தலையைக் குனிந்து கேட்டாள். "எப்ப கணக்குப் பாத்தனீங்கள்?"

"போன ஞாயிறு."

"ஏன் சொல்லேல்லை?"

"சொல்லி என்ன பிள்ளை. விமானத்தை விழுத்தினது முகில். நீ பாத்த நேரமில்லை. கேத்தல் காட்டினனான்தானே. காத்துத் திரும்பின நேரம், அவ்வளவுதான். அண்டைக்குக் காத்துக் காலமை திரும்பியிருந்தால் டீற்றரும் அந்தக் கிழவனும் போயிருப்பினம்."

"எனக்கு அது விளங்குது ரீச்சர்." குரல் உயரவில்லை. "முகில் நான் சொல்லிக் கேக்காது. இவர் கேட்டவர்."

உதாரணம் ஒன்றும் வரவில்லை எனக்கு. வாழ்நாளெல்லாம் வந்தது, அந்த இடத்தில் வரவில்லை. வேலிக்கு மேலால் கையை நீட்டினேன். பிடிக்கவில்லை, ஆனால் போகவும் இல்லை.  பிறகு போய்க் கவ்விகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளிக்குள் போட்டாள். தடியைப் பிடுங்கவில்லை.

ஓகஸ்ட் 19, ஞாயிறு

முகில். காற்றில்லை.

காலையில் மலர் வீட்டிலிருந்து கடுகு வெடிக்கும் மணம் வரவில்லை. பத்து மணிக்கும் இல்லை. வேலியால் எட்டிப் பார்த்தேன். குசினி யன்னல் சாத்தியிருந்தது.

சோறு, பருப்பு, கத்தரிக்காய் வெள்ளைக்கறி. மூன்று சட்டி. மூடிக் கட்டிக்கொண்டு முன்வாசலால் போனேன், பின்கதவால் அல்ல. மணியை அழுத்திவிட்டு, போன கிழமை அவள் வாசலில் ஆட்களை மறித்ததை நினைத்து நின்றேன்.

கதவைத் திறந்தாள். தலை வாரி இழுக்கவில்லை. சுவரில் கலண்டர் இருந்த இடத்தில் ஆணி மட்டும். சட்டிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இரண்டு கையாலும் வாங்கினாள்.

"பெரியத்தானுக்குப் போன் அடிச்சுச் சொல்லிவிடுங்கோ ரீச்சர்" என்றாள். "ஐயரைக் கேக்கச் சொல்லி. நேரம் மட்டும் என்னட்டைக் கேக்கவேண்டாம்."

அடித்துச் சொன்னேன்.  

தேசப்படப் புத்தகத்தைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தேன். நூலகப் புத்தகம் நாளைக்கு.

வேலிக்கு அந்தப் பக்கம் தடி அப்படியே நிற்கிறது. இன்று நிழல் இல்லை.

பாட முடிவில் கொப்பியில் எழுதுவிப்பது, ஞாபகத்திலிருந்து: வெயில் நாளில் நேரான தடி ஒன்றை முற்றத்தில் நட்டு, அதன் நிழல் மிகவும் குட்டையாகும்போது மணிக்கூட்டைப் பார்.